எத்தீரியத்தில் இருக்கும் கான்ட்ராக்டின் பைட்கோடை நாமே எடுத்துப் பார்ப்பது எப்படி?

ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (எத்தீரியம் பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் பெரும்பாலோர் ஈதர்ஸ்கேன் தளத்தைத் திறந்து அங்கே இருக்கும் சாலிடிட்டி மொழி நிரலைப் படிக்கிறோம். படிக்க வசதியாக, விளக்கக் குறிப்புகளோடு அழகாக இருக்கும். ஆனால் எத்தீரியம் அந்த நிரலைப் பார்த்ததே இல்லை. செயினில் ஏறியிருப்பது பைட்கோட் மட்டும்தான், அதாவது அந்த நிரலைக் கம்பைலர் மாற்றித் தந்த இயந்திரக் கட்டளைகள். நம் பணத்தை நகர்த்துவதும், பூட்டி வைப்பதும், சில சமயம் திரும்ப எடுக்க முடியாமல் செய்துவிடுவதும் அந்த பைட்கோட்தான். தளத்தில் தெரியும் நிரல், "இதிலிருந்துதான் அந்த பைட்கோட் வந்தது" என்று ஒருவர் சொல்லும் சொல். அது சரியா என்று பார்க்க மூலத்துக்கே போக வேண்டும். போவது கடினமும் இல்லை, செலவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வரும் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் முகவரிகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அதே ஒலிக்குரிய ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். பதினாறு அடிமான எண்களில் வரும் ஆறு எழுத்துகள் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று இருக்கும். அந்த எண்களுக்கு முன்னால் ஒட்டிவரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் 0எக்ஸ் என்று எழுதியிருக்கிறேன்.

எந்தக் கான்ட்ராக்டை எடுத்துப் பழகலாம்?

எத்தீரியத்தின் டெபாசிட் கான்ட்ராக்டையே எடுத்துக்கொள்வோம். வாலிடேட்டர் (பிளாக்குகளைச் சரிபார்ப்பவர்) ஆக விரும்புகிறவர்கள் 32 ஈதரை (எத்தீரியத்தின் நாணயம்) போடும் இடம் இது. 2020 அக்டோபர் 14 அன்று, 11052984 என்ற எண்ணுள்ள பிளாக்கில் செயினில் ஏற்றப்பட்டது. அதன் முகவரி:

0எக்ஸ்00000000219ஏபி540356சிபிபி839சிபிஇ05303டி7705எஃப்ஏ

தொடக்கத்திலேயே எட்டுப் பூஜ்யங்கள் இருப்பதால் கண்ணுக்கு எளிதில் பிடிபடும். பழகுவதற்கு இது நல்ல கான்ட்ராக்ட் என்று நான் நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. இதன் பின்னால் வேறு கான்ட்ராக்ட் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஏற்றிய நாளிலிருந்து ஒரு பைட்கூட மாறவில்லை. வெளியே தெரியும் செயல்பாடுகள் நான்கே நான்கு. ரன்டைம் வெரிஃபிகேஷன் என்ற நிறுவனம் இதைச் சாலிடிட்டி அளவில் மட்டும் பார்க்காமல் பைட்கோட் அளவிலேயே கணித முறையில் சரிபார்த்தது. பைட்கோடையே சரிபார்த்துவிட்டால் கம்பைலரைக்கூட நம்ப வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய தொகை வந்து சேரும் இடத்துக்கு அந்தக் கவனம் தேவைதான்.

ஒன்று என்று நினைப்பது இரண்டு

"பைட்கோட்" என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே தவிர, உள்ளே இரண்டு வகை இருக்கிறது. இதை முதலிலேயே பிரித்துப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் எதை ஒப்பிட்டாலும் பொருந்தாது.

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம், வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம், வீடு மட்டும் நிற்கிறது. கான்ட்ராக்டும் அப்படித்தான். ஏற்றுகிறவர் அனுப்புவது உருவாக்கக் கோட். அது ஒரே ஒரு முறை ஓடும். கன்ஸ்ட்ரக்டரில் (கான்ட்ராக்டைத் தொடங்கி வைக்கும் பகுதி) எழுதிய வேலைகளைச் செய்துவிட்டு, கடைசியில் ஒரு பைட் வரிசையைத் திருப்பித் தரும். அப்படித் தரப்பட்டதுதான் ஓடுநேரக் கோட். எத்தீரியம் முகவரியோடு சேர்த்துச் சேமிப்பது அதை மட்டுமே. கன்ஸ்ட்ரக்டர் அதில் இருக்காது. ஆகவே ஒரு முகவரியிடம் "உன் கோட் என்ன?" என்று கேட்டால் வருவது வீடுதான். சாரம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

சேமிக்கும் ஓடுநேரக் கோடுக்கு ஒரு பைட்டுக்கு 200 கேஸ் (எத்தீரியத்தில் கட்டணத்தை அளக்கும் அலகு) செலவாகும். அதிகபட்ச அளவு 24,576 பைட். இந்த வரம்பு 2016 நவம்பரில் வந்த ஸ்பூரியஸ் டிராகன் என்ற நெட்வொர்க் மாற்றத்தோடு நடைமுறைக்கு வந்தது. உருவாக்கக் கோடுக்கு 2023 ஏப்ரலில் வந்த ஷாங்காய் மாற்றம் 49,152 பைட் என்று வரம்பு வைத்தது.

கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும்

பைட்கோடைத் தருவது ஏதாவது ஓர் எத்தீரியம் நோடு, அதாவது செயினின் நகலை வைத்திருக்கும் கணினி. உங்கள் கணினியிலேயே கெத் போன்ற நோடு மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் வழக்கமாக 8545 என்ற போர்ட்டில் அது பதில் சொல்லும். இல்லையென்றால் இன்ஃபியூரா, அல்கெமி போன்ற சேவைகளில் இலவசக் கணக்கு தொடங்கினால் ஓர் ஆர்பிசி முகவரி (நோடிடம் கேள்வி அனுப்பும் இணைய முகவரி) கிடைக்கும். கணக்கே இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பொது முகவரிகளும் உண்டு. வாலட் இணைக்க வேண்டியதில்லை, தனிச்சாவி தேவையில்லை, கேஸ் கட்டணமும் இல்லை. வெறுமனே படிக்கிறோம், அவ்வளவுதான். யாராவது "பைட்கோடைப் பார்க்க வாலட்டை இணையுங்கள்" என்று சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

ஆர்பிசி கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தச் செயின் என்பதைத்தான். ஈத்_செயின்ஐடி என்று கேட்டால் எத்தீரியம் மெயின்நெட் 0எக்ஸ்1 என்று பதில் சொல்லும். செப்போலியா சோதனைச் செயின் என்றால் 11155111 என்ற எண்ணை அடிமானம் 16இல் சொல்லும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு முறை நான் ஒரு கான்ட்ராக்டின் கோடைக் கேட்டு, வெற்றுப் பதில் வந்ததைப் பார்த்து, அது அழிக்கப்பட்டுவிட்டது என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போய்விட்டார். நான் கேட்டது வேறு செயினிடம். ஒரே முகவரி ஒரு செயினில் கான்ட்ராக்டாகவும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் வெவ்வேறு கோடு இருப்பதற்கும் வாய்ப்புண்டு.

கேள்வி கேட்பது

கேட்க வேண்டிய முறையின் பெயர் ஈத்_கெட்கோட். அடிக்கோட்டுக்குப் பிறகு வரும் கெட் சிறிய எழுத்தில் தொடங்கும், கோடின் முதலெழுத்து மட்டும் பெரியது. ஆர்பிசி முகவரிக்குப் போஸ்ட் முறையில் அனுப்ப வேண்டிய செய்தி இது:

{"ஜேசன்ஆர்பிசி":"2.0","மெத்தட்":"ஈத்_கெட்கோட்","பாரம்ஸ்":["0எக்ஸ்00000000219ஏபி540356சிபிபி839சிபிஇ05303டி7705எஃப்ஏ","லேட்டஸ்ட்"],"ஐடி":1}

பாரம்ஸ் என்பதில் இரண்டே விஷயங்கள்தான். ஒன்று முகவரி. இன்னொன்று, எந்த பிளாக்கின் நிலவரம் வேண்டும் என்பது. லேட்டஸ்ட் என்றால் கடைசி பிளாக். கர்ல் கட்டளையில் இதை அனுப்பும்போது, உள்ளடக்கம் ஜேசன் வகை என்று சொல்லும் தலைப்பு வரியையும் சேர்க்க மறக்காதீர்கள். புதியவர்களுக்கு முதலில் வரும் பிழை அனேகமாக அதனால்தான் வருகிறது.

இதைவிடச் சுருக்கமான வழி ஃபவுண்ட்ரி தொகுப்பில் வரும் காஸ்ட் கருவி. காஸ்ட் கோட் என்று அடித்து, முகவரியைக் கொடுத்து, முன்னால் இரண்டு சிறுகோடு (--) போட்ட ஆர்பிசி-யூஆர்எல் என்ற தேர்வில் உங்கள் ஆர்பிசி முகவரியைக் கொடுத்தால் போதும். அந்தத் தேர்வை விட்டுவிட்டால் அது உங்கள் கணினியின் 8545 போர்ட்டைத் தேடும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்களுக்கு ஈதர்ஸ் நூலகத்தில் புரொவைடரின் கெட்கோட் இருக்கிறது. பைத்தானில் வெப்3 நூலகத்தின் கெட்_கோட் இருக்கிறது. பைத்தானில் முகவரியைச் செக்சம் வடிவத்தில், அதாவது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சரியாகக் கலந்த வடிவத்தில், கொடுக்க வேண்டும். எல்லாம் சிறிய எழுத்தாக இருந்தால் அது மறுத்துவிடும். டு_செக்சம்_அட்ரஸ் என்ற செயல்பாடு அதை மாற்றித் தரும். நேரடியாக ஆர்பிசியிடம் கேட்கும்போது இந்தக் கட்டாயம் இல்லை.

எந்த வழியில் கேட்டாலும் பதிலைத் திரையில் ஓட விடாமல் ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு எழுத்து. ஆகவே பெரிய கான்ட்ராக்ட் ஒன்றின் பதில் நாற்பதாயிரம் எழுத்துகளைத் தாண்டிவிடும். எழுத்துகளை எண்ணி, முன்னால் இருக்கும் 0எக்ஸுக்கு இரண்டைக் கழித்து, இரண்டால் வகுத்தால் பைட் அளவு கிடைக்கும்.

பதில் வெறும் 0எக்ஸ் என்று வந்தால்

அந்த முகவரியில் அந்த பிளாக்கில் கோடு இல்லை என்று பொருள். ஏன் இல்லை என்பதைப் பதில் சொல்லாது. நாம்தான் யோசிக்க வேண்டும். சாதாரண மனிதரின் வாலட் முகவரியாக இருக்கலாம். செயினை மாற்றிக் கேட்டிருக்கலாம். கான்ட்ராக்ட் இன்னும் ஏற்றப்படாமல் இருக்கலாம். 1, 2, 3 என்று எண் வரிசையில் அமைந்த முன்கட்டப்பட்ட முகவரிகளாக இருக்கலாம். அவை நோடு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் கணக்கீடுகள் என்பதால், அழைத்தால் வேலை செய்யும், கோடு கேட்டால் வெறுமை வரும்.

அல்லது உண்மையிலேயே அழிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு மிகக் கசப்பான உதாரணம் பாரிட்டி மல்டிசிக் நூலகம் (பலர் கையொப்பமிட்டால் பணம் நகரும் வாலட்டுகள் பகிர்ந்துகொண்ட பொதுக் கான்ட்ராக்ட்). 2017 நவம்பர் 6 அன்று ஒருவர் அந்த நூலகக் கான்ட்ராக்டின் உரிமையாளராகத் தன்னை ஆக்கிக்கொண்டு அதை அழித்துவிட்டார். அதை நம்பியிருந்த 587 வாலட்டுகளின் கோடு இன்றும் செயினில் அப்படியே இருக்கிறது. ஈத்_கெட்கோட் கேட்டால் முழுமையாக வரும். ஆனால் அந்த வாலட்டுகள் வேலை வாங்கிய நூலக முகவரியைக் கேட்டால் வெறும் 0எக்ஸ்தான். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஈதர் அந்த வெறுமைக்குப் பின்னால் இன்னும் முடங்கிக் கிடக்கிறது. ஒரு கான்ட்ராக்டின் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது யாரை நம்பி இருக்கிறதோ அங்கேயும் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் வந்த டென்கன் மாற்றத்துக்குப் பிறகு, உருவான அதே பரிவர்த்தனைக்குள் அழித்தால் தவிர கோடு அழியாது. பழைய அழிவுகள் அழிவுகளாகவே இருக்கின்றன.

இன்னொரு விசித்திரமான பதிலும் இப்போது வரும். சரியாக 23 பைட், தொடக்கம் இஎஃப்0100. அது கான்ட்ராக்ட் இல்லை. 2025 மே மாதம் வந்த பெக்ட்ரா மாற்றத்தின்படி ஒரு சாதாரண வாலட் தன் வேலையை வேறு கான்ட்ராக்டிடம் ஒப்படைத்திருக்கிறது. பின்னால் வரும் 20 பைட்தான் அந்தக் கான்ட்ராக்டின் முகவரி. "கோடு இருந்தால் கான்ட்ராக்ட், இல்லையென்றால் மனிதர்" என்ற பழைய விதியை இனி நம்ப முடியாது.

வந்த பைட்கோடைப் படிப்பது

டெபாசிட் கான்ட்ராக்டின் பதில் இப்படித் தொடங்கும்:

60806040526004361061003எஃப்57

பயப்பட வேண்டாம், மெதுவாகப் பிரிப்போம். 60 என்றால் அடுத்து வரும் ஒரு பைட்டை அடுக்கின் (ஸ்டாக்) மேல் வை என்று பொருள். ஆக 60 80 என்பது 80ஐ வை, 60 40 என்பது 40ஐ வை. 52 என்றால் நினைவகத்தில் எழுது. மொத்தத்தில், "காலியாக இருக்கும் நினைவகம் 80இலிருந்து தொடங்குகிறது" என்று 40ஆம் இடத்தில் குறித்து வைக்கிறது. சாலிடிட்டியில் எழுதிய கான்ட்ராக்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பழைய பதிப்புகளில் 6060604052 என்று இருக்கும்.

அடுத்து 60 04, பிறகு 36, பிறகு 10. 36 என்பது நமக்கு அனுப்பப்பட்ட தரவு எத்தனை பைட் என்று கேட்கிறது. 10 அது நான்கைவிடக் குறைவா என்று பார்க்கிறது. குறைவு என்றால் 57 வேறு இடத்துக்குத் தாவச் சொல்கிறது. ஏன் நான்கு? ஒரு செயல்பாட்டை அழைக்கும்போது தரவின் முதல் நான்கு பைட்தான் எந்தச் செயல்பாடு என்பதைச் சொல்லும். நான்குகூட இல்லையென்றால் எதையும் அழைக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இந்தத் துண்டு கிடைக்கும்:

80632289511814

80 அடுக்கின் மேலே இருப்பதை நகலெடுக்கிறது. 63 அடுத்த நான்கு பைட்டை வைக்கிறது. அந்த நான்கு பைட் 22895118. 14 இரண்டும் சமமா என்று பார்க்கிறது. அந்த 22895118தான் டெபாசிட் என்ற செயல்பாட்டின் அடையாள எண். 32 ஈதரைப் போடும் ஒவ்வொருவரும் அழைப்பது இதைத்தான். முதல் முறை நான் இந்த எண்ணை பைட்கோடுக்குள் கண்ணால் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. புரியாத எண்களின் குவியலாக இருந்தது சட்டென்று ஒரு வாசலாகத் தெரிந்தது. இதே போல் 621எஃப்டி130 என்று தேடிப் பாருங்கள். அது எத்தனை டெபாசிட் வந்திருக்கிறது என்று சொல்லும் செயல்பாடு. நான்கு செயல்பாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும்.

கையால் பிரித்துப் பழகிய பிறகு காஸ்ட் டிஸ்அசெம்பிள் கட்டளையிடம் முழுக் கோடையும் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு கட்டளையையும் பெயரோடு வரிவரியாகத் தரும். பைட்கோடிலிருந்து நிரல் போன்ற வடிவத்தை உருவாக்கும் டிகம்பைலர்களும் இருக்கின்றன. உதவியாக இருக்கும். ஆனால் மாறிகளின் பெயர்கள் எல்லாம் அதன் ஊகம்தான், மூல நிரல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கோப்பின் கடைசிக்குப் போங்கள். முடிவு இப்படி இருக்கும்:

64736எஃப்6சி634300060பி0033

கடைசி இரண்டு பைட் 0033. அடிமானம் 16இல் 33 என்றால் 51. அதாவது இதற்கு முன்னால் இருக்கும் 51 பைட் கட்டளைகள் இல்லை, கம்பைலர் சேர்த்த குறிப்பு. அதில் 736எஃப்6சி63 என்பது சாலிடிட்டி கம்பைலரின் சுருக்கப் பெயரான சால்க் என்பதன் நான்கு எழுத்துகள். பிறகு 43, அதாவது மூன்று பைட் வருகிறது என்ற அறிவிப்பு. பிறகு 00 06 0பி. பி என்றால் 11. ஆக இது சாலிடிட்டி 0.6.11 பதிப்பில் கம்பைல் ஆனது. யாரும் சொல்லாமலே பைட்கோடே நமக்குச் சொல்லிவிட்டது. குறிப்பின் முன்பகுதியில் மூல நிரல் பற்றிய தகவல் கோப்பின் ஐபிஎஃப்எஸ் (பரவலாகக் கோப்புகளைச் சேமிக்கும் முறை) ஹேஷும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணும், இருக்கும். இந்தக் குறிப்பை நீக்கிவிட்டு ஏற்றுகிறவர்களும் உண்டு, அதனால் எல்லாக் கான்ட்ராக்டிலும் எதிர்பார்க்க முடியாது.

பழைய பிளாக்கில் என்ன இருந்தது?

லேட்டஸ்ட் என்ற இடத்தில் ஒரு பிளாக் எண்ணைக் கொடுத்தால் அந்த நேரத்து நிலவரம் வரும். டெபாசிட் கான்ட்ராக்டிலேயே செய்து பாருங்கள். 11052983 என்பதை அடிமானம் 16இல் எழுதினால் 0எக்ஸ்ஏ8ஏ7பி7. அதைக் கொடுத்தால் 0எக்ஸ் மட்டும் வரும். அடுத்த பிளாக்கான 0எக்ஸ்ஏ8ஏ7பி8ஐக் கொடுத்தால் முழுக் கோடும் வரும். ஒரு கான்ட்ராக்ட் பிறக்கும் கணத்தை இப்படித் துல்லியமாகப் பார்க்கலாம்.

இதற்கு ஆர்க்கைவ் நோடு தேவை. சாதாரண கெத் நோடு கடைசி 128 பிளாக்குகளின் நிலவரத்தை மட்டுமே கையில் வைத்திருக்கும். அதற்கு முந்தையதைக் கேட்டால் நிலவரம் கிடைக்கவில்லை என்று பிழை வரும். அந்தப் பிழையை "கோடு இல்லை" என்று படித்துவிடக் கூடாது.

பிறந்த பிளாக் தெரியாத கான்ட்ராக்டுக்கும் இதே உத்தி உதவும். நடு பிளாக்கில் கோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முன்பாதி, இல்லையென்றால் பின்பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால், இரண்டு கோடியைத் தாண்டிய பிளாக்குகளுக்குள் 25 கேள்விகளில் சரியான பிளாக்கைப் பிடித்துவிடலாம். இடையில் அழிக்கப்பட்டுத் திரும்ப ஏற்றப்பட்ட கான்ட்ராக்டாக இருந்தால் இது தவறிவிடும். அப்படியும் நடந்திருக்கிறது. 2023 மே மாதம் டொர்னேடோ கேஷ் என்ற பரிவர்த்தனை மறைப்புச் சேவையின் நிர்வாக வாக்கெடுப்பில், வாக்களித்தவர்கள் ஏற்றுக்கொண்ட முன்மொழிவுக் கான்ட்ராக்ட் பிறகு அழிக்கப்பட்டு, அதே முகவரியில் வேறு கோடு ஏற்றப்பட்டது. முகவரி ஒன்றே, கோடு வேறு. அதனால்தான் எந்த பிளாக்கில் எடுத்தோம் என்பதையும் எப்போதும் குறித்து வைக்க வேண்டும்.

பிராக்ஸி: கதவு மட்டும் தெரியும்

பெரிய தொகைகளைக் கையாளும் பல கான்ட்ராக்டுகளின் முகவரியில் கேட்டால் வியப்பூட்டும் அளவுக்குச் சின்ன கோடுதான் வரும். அது பிராக்ஸி. வரும் அழைப்பை டெலிகேட்கால் என்ற கட்டளை வழியாக வேறு முகவரிக்குத் தள்ளிவிடும். அந்தக் கட்டளையின் எண் எஃப்4. உண்மையான வேலை நடப்பது அந்த வேறு முகவரியின் கோடில்.

எளிய வகை 45 பைட் பிராக்ஸி. 363டி3டி373டி3டி3டி363டி73 என்று தொடங்கும், அடுத்த 20 பைட்தான் உண்மையான கான்ட்ராக்டின் முகவரி. அதை எடுத்து மறுபடி ஈத்_கெட்கோட் கேட்டால் முடிந்தது. மேம்படுத்தக்கூடிய வகையில் அந்த முகவரி கோடில் இருக்காது, சேமிப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும். ஈஐபி 1967 என்ற தரத்தைப் பின்பற்றும் பிராக்ஸிகளுக்கு காஸ்ட் இம்ப்ளிமென்டேஷன் கட்டளை அதைத் தேடித் தரும். பூஜ்யம் என்று வந்தால் பிராக்ஸி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். யுஎஸ்டிசி டாலர் நாணயத்தின் மெயின்நெட் கான்ட்ராக்ட் அந்தத் தரம் வருவதற்கு முந்தைய வேறு ஓர் இடத்தைப் பயன்படுத்துகிறது. அப்படிப்பட்டவற்றுக்கு காஸ்ட் ஸ்டோரேஜ் கட்டளையால் உரிய இடத்தை நேரடியாகப் படிக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகத்தின் குளிர் வாலட்டிலிருந்து (சாவியை இணையத்துக்கு வெளியே வைக்கும் வாலட்) சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதரும் ஈதர் சார்ந்த டோக்கன்களும் களவாடப்பட்டது இந்த இடத்தில்தான். சேஃப் என்ற மென்பொருளில் அமைந்த அந்த வாலட்டின் பிராக்ஸி கோடு, களவுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. மாறியது சேமிப்பின் பூஜ்யமாவது இடத்தில் இருந்த முகவரி மட்டும். அதைத் தாக்கியவர்களின் கான்ட்ராக்டைக் காட்டும்படி மாற்றிவிட்டார்கள். ஈத்_கெட்கோடை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் எதுவும் நடக்காதது போலத்தான் தெரிந்திருக்கும். பிராக்ஸி என்று தெரிந்தால் கோடு, சேமிப்பில் உள்ள முகவரி, அந்த முகவரியின் கோடு ஆகிய மூன்றையும் ஒரே பிளாக் எண்ணில் எடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் விட்டுவிடக் கூடிய வேலை இல்லை.

உருவாக்கக் கோடை எடுப்பது

சாரத்தைத் தேடும் இடம் பரிவர்த்தனை. கான்ட்ராக்டை ஏற்றிய பரிவர்த்தனையின் ஹேஷைத் தெரிந்துகொண்டு ஈத்_கெட்டிரான்ஸாக்ஷன்பைஹேஷ் என்று கேளுங்கள். பெறுநர் முகவரி வெறுமையாக இருந்தால், இன்புட் என்ற பகுதியில் இருப்பது முழுவதும் உருவாக்கக் கோட். அதன் கடைசியில் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்த மதிப்புகளும் ஒட்டியிருக்கும்.

பெறுநர் முகவரி இருந்தால், வேறொரு கான்ட்ராக்ட் உள்ளிருந்து இதை உருவாக்கியிருக்கிறது. அப்போது டீபக்_டிரேஸ்டிரான்ஸாக்ஷன் என்ற முறையில், கால்டிரேசர் தேர்வோடு, அந்தப் பரிவர்த்தனையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை எல்லா இலவச சேவைகளும் தருவதில்லை. இனி, செயினின் முதல் பிளாக்கிலேயே வைக்கப்பட்ட கான்ட்ராக்டுகளுக்கு உருவாக்கக் கோட் என்று எதுவும் கிடையாது. ஹோலஸ்கி சோதனைச் செயினின் டெபாசிட் கான்ட்ராக்ட் 42 என்ற எண் இருபது முறை வரும் முகவரியில் உட்கார்ந்திருந்தது. அதை யாரும் ஏற்றவில்லை, ஓடுநேரக் கோடையே நேரடியாகத் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்தார்கள்.

மூல நிரலோடு பொருத்திப் பார்ப்பது

இதுவரை எடுத்தது எல்லாம் இதற்காகத்தான். மூல நிரலை எடுத்து, அதே கம்பைலர் பதிப்பு, அதே ஆப்டிமைசர் அமைப்பு, அதே ஈவிஎம் (பைட்கோடை ஓட்டும் எத்தீரியத்தின் இயந்திரம்) பதிப்பு வைத்து உங்கள் கணினியில் கம்பைல் செய்யுங்கள். ஃபவுண்ட்ரியின் ஃபோர்ஜ் இன்ஸ்பெக்ட் கட்டளையில் டிப்ளாய்ட்பைட்கோட் என்று கேட்டால் ஓடுநேரக் கோட் வரும். அதைச் செயினிலிருந்து எடுத்ததோடு ஒப்பிடுங்கள்.

முழுவதும் பொருந்தாவிட்டால் உடனே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். நியாயமாக மாறக்கூடிய இடங்கள் மூன்று இருக்கின்றன. கடைசியில் உள்ள குறிப்பு: மூல நிரலில் ஒரு விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த ஹேஷ் மாறிவிடும். இம்யூட்டபிள் மாறிகள் (ஏற்றும்போது ஒரே ஒரு முறை மதிப்பு பெறுபவை): கம்பைல் செய்ததில் பூஜ்யங்களாக இருக்கும், செயினில் உண்மையான மதிப்பு நிரம்பியிருக்கும். நூலக முகவரிகள்: ஏற்றும்போதுதான் நிரப்பப்படும். இந்த மூன்றுக்கும் வெளியே ஒரே ஒரு பைட் வேறுபட்டாலும் நின்று பார்க்க வேண்டும். சோர்சிஃபை என்ற திறந்த சேவை இதே ஒப்பீட்டைத்தான் செய்து, குறிப்பும் சேர்ந்து பொருந்துகிறதா, கட்டளைகள் மட்டும் பொருந்துகிறதா என்று பிரித்துச் சொல்கிறது.

ஆர்பிசி தரும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால், ஒரே இடத்தை முழுதாக நம்பாதீர்கள் என்பேன். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு ஆர்பிசிகளிடம் கேட்டு ஹேஷை ஒப்பிடுவது எல்லோருக்கும் முடிந்த வேலை. காஸ்ட் கெச்சாக் கட்டளையிடம் கோடைக் கொடுத்தால் ஹேஷ் வரும். முன்னால் 0எக்ஸ் இல்லாமல் கொடுத்தால் அது கோடை வெறும் எழுத்தாக எண்ணித் தவறான ஹேஷைத் தந்துவிடும், கவனம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஈத்_கெட்ப்ரூஃப் அந்த முகவரியின் கோட் ஹேஷை, பிளாக்கின் நிலவர வேரோடு பொருத்திப் பார்க்கக்கூடிய சான்றுடன் தரும். ஹீலியோஸ் போன்ற லைட் கிளையன்ட் இந்தச் சரிபார்ப்பை உங்கள் கணினியிலேயே தானாகச் செய்துவிடும்.

கடைசியாக, கோப்பைச் சேமிக்கும்போது அதன் பெயரிலோ பக்கத்திலோ நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: செயின் எண், முகவரி, பிளாக் எண், கோடின் ஹேஷ். ஆறு மாதம் கழித்து அதே கான்ட்ராக்டை மறுபடி எடுத்து, கோடு மாறியிருக்கிறதா என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம்.